நல்ல தண்ணி

விளாத்திகுளத்திலிருந்து திருச்செந்தூருக்குத் தைப்பூச நடை நடக்கிறவர்களின் கால் கொப்புளத்தைப் பற்றிக் கவலைப்பட வழிநெடுகப் பந்தல் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் குடிக்கிற தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதற்கென்றே கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவள் ஜெபசுதா ஒருத்திதான். நாசரேத் வாத்தியார் வீட்டுப் பெண். நடைபாதை ஓரத்துக் கிணறு, அடிபம்பு, தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது அவள் வேலை.

வருஷா வருஷம் அவளுக்குக் கார் ஓட்டுகிற செந்தில்முருகன் இந்தத் தடவை லீவு போட்டுவிட்டான். கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த ஆண்பிள்ளை. சன்னதியில் மொட்டை போடுவதாக நேர்த்திக்கடன். பெண்டாட்டி இசக்கியம்மாளும் அவனும் கைக்குழந்தையோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். இசக்கிக்குப் பால் பற்றவில்லை. பிள்ளைக்கு டின் பால்தான்.

தருவைகுளத்துக்கு வடக்கே உப்பளத்து ஓரக் கிணற்றில் ஜெபசுதா வாளி இறக்கியபோது அவன் போன் வந்தது.

"மேடம், தருவைகுளம் பக்கத்துலதான் வாரோம். பிள்ளைக்குப் பால் கரைக்கணும். தண்ணி எங்கன எடுக்கலாம்?"

போன வருஷம் அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. இப்போது உப்பு பார்க்கிற பேனாவை முக்கினால் எண் சரசரவென்று கீழே இறங்கியது. மழை நன்றாகப் பெய்திருந்தது. ஒரு துளி நாக்கில் வைத்தாள், இளநீர் தோற்றது.

"உப்பளத்துக் கிணத்துல எடுத்துக்கோ செந்தில். நல்ல தண்ணியா மாறிருக்கு."

இந்தக் கரையில் தண்ணீருக்கு இரண்டே பெயர்தான். உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. கரிக்காவிட்டால் நல்லது, முடிந்தது கதை. மற்ற சோதனைக்கெல்லாம் பாட்டில் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் படித்தது மூளை, பேசியது நாசரேத் வாய். சொல்லிவிட்டது. கிணற்றுக்குப் பின்னால் பனைக்காட்டு ஓடைக்குள் லாரி டயர்த் தடம் இறங்கிக் கிடந்ததையும் பார்த்தாள். உப்பு லாரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போய்விட்டாள்.

பாட்டில்களுக்குக் கல்லூரியில் முறை வர இரண்டு நாள் ஆயிற்று. உப்பளத்துக் கிணற்றுத் தண்ணீரில் மருந்து விட்டதும் குப்பி ரத்தமாகச் சிவந்தது. நைட்ரேட். அந்த அளவை அவள் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. ஓடைக்குள் இறங்கியது உப்பு லாரி அல்ல, ஊர்க் கக்கூஸ் தொட்டிகளை உறிஞ்சி வந்து கொட்டுகிற லாரி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மழை அதை அப்படியே கிணற்றுக்குள் தள்ளியிருக்கிறது. பெரியவர்கள் குடித்தால் தப்பித்துக்கொள்வார்கள். கைக்குழந்தை குடித்தால் அதன் ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்காது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட விஷம் கூடத்தான் செய்யும்.

செந்தில் போன் அணைந்து கிடந்தது. ஜெபசுதா காரை எடுத்தாள். அவள் ஓட்டுவதை செந்தில் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. முக்காணி தாண்டினாள், ஆத்தூர் தாண்டினாள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள், இடுப்பில் பிள்ளை இருந்த பெண்கள் முகத்தையெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

சாகுபுரத்து ரசாயன ஆலைக்குப் போகிற ரோட்டுப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் அவர்கள் இருந்தார்கள். இசக்கியின் மடியில் பிள்ளை. தலையிலிருந்து கால்வரை துண்டு போட்டு மூடியிருந்தாள்.

"வாங்க மேடம்!" செந்தில் துள்ளி எழுந்தான். "போன்ல சார்ஜ் இல்ல. வண்டிய நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க? முருகா!"

"பிள்ள எப்படி இருக்கான்?"

"தங்கம் மேடம். நேத்துலருந்து அழுகையே இல்ல, தூங்கிட்டே வாரான்."

"ஆலைக் காத்து பிள்ளைக்கு ஆகாதுல்லா, அதான் மூடி வச்சிருக்கேன்" என்றாள் இசக்கி. "இந்தப் பக்கத்துத் தண்ணிய நான் தொடவே இல்ல மேடம். நீங்க சொன்ன கிணத்துலயே கேன் நிறைய எடுத்துக்கிட்டோம். அதையும் நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கேன்."

ஒரு தாய் எடுக்கக்கூடிய கவனம் எல்லாம் அவள் எடுத்திருந்தாள். ஜெபசுதா துண்டை விலக்கினாள். பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. விரல் நகமும் அப்படியே. உள்ளங்காலைச் சுண்டினாள், கண் திறக்கவில்லை.

"ஏளா, என்ன நிறம்ளா இது?" செந்திலின் குரல் உடைந்தது.

"வண்டிய எடு செந்தில். பெரியாஸ்பத்திரிக்கு."

அவன் ஓட்டினான். எதிரே அரோகரா போட்டபடி சனம் வந்துகொண்டே இருந்தது. ஜெபசுதா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என்ன விஷம், என்ன மருந்து என்று கத்திக்கொண்டே வந்தாள். இசக்கி பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தவள் தூத்துக்குடி வரை எடுக்கவில்லை.

ஊசியில் ஏறிய ரத்தம் காப்பி நிறத்தில் இருந்தது. டாக்டர் மருந்தை ஏற்றிவிட்டு நின்றார். வெகுநேரம் போல இருந்தது. பிறகு உதட்டோரத்தில் மெல்லச் சிவப்பு வந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்தான், வீரிட்டு அழுதான். இசக்கி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

ஜெபசுதா செந்திலின் கையைப் பிடித்தாள். "என் மேலதான் தப்பு செந்தில். உப்பு இல்லன்னு மட்டும்தான் பார்த்தேன். அத நல்ல தண்ணின்னு சொல்லிட்டேன்."

"விடுங்க மேடம், பிழைச்சுட்டாம்லா." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "மேடம்... அந்தக் கேன் தண்ணிய நாங்க மட்டும் வச்சுக்கல."

"யாருக்குக் குடுத்த?"

"பழையகாயல் பந்தல்ல ஒரு பொண்ணு. கைப்பிள்ளக்காரி. எங்கேயும் உப்புத் தண்ணியா இருக்குன்னு பால் பாட்டில வச்சுக்கிட்டு முழிச்சா. மேடம் டெஸ்ட் பண்ணுன தண்ணி, பயப்படாதம்மான்னு சொல்லி ரெண்டு பாட்டில் நிறைய ஊத்திக் குடுத்தேன்."

"எந்த ஊரு? பேரு என்ன?"

"கேக்கலையே மேடம்" என்றான் செந்தில். "பிள்ளைக்குத்தானேன்னு குடுத்துட்டேன்."