அபூ நவ்வாஃப் கீழே வைத்த காபி

2019 அக்டோபர் 14, திங்கட்கிழமை. ஜோர்டானின் இர்பித் நகரில் ஓர் அரசு மருத்துவமனையின் மறதிநோய்ப் பிரிவு, ஆய்வு நிதி கேட்டு அம்மானில் உள்ள ஒரு நிதியத்துக்கு மூன்றாம் முறையாக விண்ணப்பித்தது.

விண்ணப்பத்தை எழுதியவர் டாக்டர் மைசூன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அறை, ஒரு செவிலி, அதுவும் வியாழக்கிழமை மட்டும். கையிலிருந்த நிதி டிசம்பரோடு தீர்கிறது. புதிய நிதி வராவிட்டால் அறையைத் தங்களுக்குத் தருவதாக மருத்துவமனை இயக்குநர் சொல்லிவிட்டாரென்று, கண் பிரிவுக்காரர்கள் ஜன்னலுக்குத் திரை தைக்க அளவுகூட எடுத்துப் போயிருந்தார்கள்.

மைசூன் கேட்டது ஒரு புதிய சோதனையை உருவாக்குவதற்கான பணம். நோயைக் கண்டுபிடிக்க அவரிடம் இருந்தது வெளிநாட்டில் செய்த சோதனை. அதில் ஒரு காண்டாமிருகப் படம் வரும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெரியவர்கள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "யாரோட காளை இது? கொம்பு மூக்குல மொளச்சிருக்கே!" என்பார்கள். மதிப்பெண் போய்விடும். மூளை கத்தி மாதிரி இருப்பவரும் நோயாளிக் கணக்கில் விழுவார். விருந்தாளியை உட்கார வைப்பது, யாருக்கு முதலில் காபி ஊற்றுவது என்று இந்த மக்களுக்குப் பழகிப்போன காரியங்களை வைத்தே சோதிக்க முடியும் என்பது மைசூனின் வாதம்.

இரண்டாம் விண்ணப்பத்தை நிராகரித்தபோது நிதியம் சொன்ன காரணம் ஒன்றுதான்: நோயாளி ஒருவர் ஆய்வில் பங்காளியாக வேண்டும், நேர்காணலுக்கும் நேரில் வர வேண்டும். மூன்றாவதை அனுப்பும் முன் மைசூன் வீடு வீடாக ஏறினார்.

"எங்க மாமனாருக்கா? ஐயோ, அல்லா காப்பாத்தட்டும். அவருக்குக் கொஞ்சம் ஞாபகப் பிசகு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுல போய்ப் பாருங்க டாக்டரம்மா, அங்கதான் ரொம்ப முத்திப் போச்சு."

பக்கத்து வீட்டில் உபசரித்து உட்கார வைத்து, முதல் வீட்டைக் கைகாட்டினார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கும் வீட்டில், தாத்தாவுக்கு அந்த நோய் என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்?

கடைசியில் சம்மதித்தவர் உம் நவ்வாஃப். அவர் கணவர் அபூ நவ்வாஃபுக்கு மூன்று வருடமாக நோய்.

"வியாழக்கிழம நீங்க அவரோட பேசற நேரத்துலதான் நான் சந்தைக்குப் போறேன். ரூமை மூடிட்டா எங்க வீட்டுல யாரு தக்காளி வாங்கறது? வாரோம். ஆனா அவரு காதுபட அந்த நோயோட பேர யாரும் சொல்லக் கூடாது. அம்மான்ல ஒரு காரியம் கேக்கப் போறோம்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வாரேன்."

இந்த ஒரு வாக்கியத்தில் என்ன வம்பு இருக்கிறதென்று மைசூனுக்கு அப்போது உறைக்கவில்லை. அபூ நவ்வாஃப் நாற்பது வருடம் ஜாஹாவுக்குத் தலைமை தாங்கியவர். பெண் கேட்கவும், பகை தீர்க்கவும் பெரியவர்கள் கூட்டமாகப் போய் நிற்பார்களே, அந்த ஜாஹா. வீட்டுக்காரர் தரும் காபியைத் தலைவர் தொடாமல் கீழே வைப்பார். "கேட்டது தந்தோம், குடியுங்கள்" என்று சொல் விழுந்த பிறகுதான் கிண்ணம் உதட்டுக்குப் போகும். அபூ நவ்வாஃப் வைத்த கிண்ணம் ஒருநாளும் ஆறிப்போனதில்லை என்று ஊரில் பேச்சு உண்டு. கடைசியாகப் போன ஜாஹாவில்தான் மணமகன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் தன் பெயரைச் சொல்லிவிட்டார்.

"அன்னிக்குத்தான் இது மறதின்னு எனக்குத் தெரிஞ்சது. ஊர்க்காரங்க வேற என்னவோ நெனச்சுக்கிட்டாங்க" என்பார் உம் நவ்வாஃப்.

நவம்பரில் நேர்காணல். அபூ நவ்வாஃப் தேய்த்த பழுப்பு மேலங்கியோடு காரில் ஏறினார். வழிநெடுக மைசூன் அவருக்கு இரண்டே வாக்கியம் சொல்லிக் கொடுத்தார்: "என் பேரு அபூ நவ்வாஃப். இந்த ஆய்வுல நானும் ஒரு பங்காளி." பாதி வழியில், ஜரஷ் ஊரைத் தாண்டும்போது பிசகாமல் சொன்னார். அம்மானுக்குள் நுழைந்ததும், "பங்காளியா? நெலம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார்.

நிதியத்தில் அவர்கள் முன் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் டாக்டர் ஃபவ்வாஸ், கரக் ஊர்க்காரர். பக்கத்தில் பிர்கித்தா என்ற டென்மார்க் பேராசிரியை. ஓரத்தில் ஒரு கணக்கு அதிகாரி. மொத்தம் இருபது நிமிடம். தீர்மானத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் பேசக் கூடாதென்பது விதி என்று ஃபவ்வாஸ் சொல்லி முடிக்கவும், கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் கசப்புக் காபி வந்தது. மைசூன் ஒரு வாய் குடித்தார். அபூ நவ்வாஃப் அவரைப் பார்த்த பார்வையில் கிண்ணம் தானாகக் கீழே இறங்கியது. பிறகு அவர் தன் கிண்ணத்தை மேசைமேல் வைத்து, மேலங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

இறைவனைப் புகழ்ந்தார். ஃபவ்வாஸின் பேச்சிலிருந்தே ஊரைப் பிடித்துக்கொண்டு, கரக் மக்களின் கொடைக் குணத்தைப் புகழ்ந்தார். ஒரு சொல் தடுக்கவில்லை. "உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கேட்டு, உங்க வாசப்படி ஏறி வந்திருக்கோம்" என்று முடித்தார்.

ஃபவ்வாஸுக்கு ஒரே மகள், மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். அவர் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. பையன் என்ன செய்கிறான் என்று கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"என்ன சொல்கிறார்?" என்று பிர்கித்தா ஆங்கிலத்தில் கேட்டார். ஜாஹாவில் தலைவர் கேட்டுவிட்டால், பதில் வரும்வரை கூட வந்தவர்கள் பேசுவது குற்றம் என்பதால் மைசூன் மொழிபெயர்க்கத் துணியவில்லை. இருபது நிமிடம் கரைந்துகொண்டிருந்தது.

உம் நவ்வாஃப்தான் மேலங்கியைப் பிடித்து இழுத்தார். "ஹாஜி, பொண்ணு இல்ல. காசு. காசு கேக்க வந்திருக்கோம்."

"காசா?" அபூ நவ்வாஃபின் முகம் சிவந்தது. "காசுக்குக் கையேந்தவா என்னைய இவ்வளவு தூரம் கூட்டியாந்த? நாப்பது வருசத்துல ஒரு வாசல்லயும் காசுன்னு நின்னதில்ல. எந்திரிங்க, போகலாம்."

வாசலை நோக்கி நடந்தார். கிண்ணம் நிறைந்தபடி மேசைமேல் இருந்தது. ஃபவ்வாஸ் பாய்ந்து போய்க் கதவை மறித்தார்.

"ஹாஜி, ஹாஜி! என் காபியக் குடிக்காம போனீங்கன்னா கரக்குல நான் எப்படித் தலைகாட்டறது?"

"கேட்டது கெடைக்காம குடிக்க மாட்டேன்."

"சரி, கேளுங்க."

"காசு கேக்க மாட்டேன்."

"நீங்க கேட்டாலும் நான் இப்போ தரேன்னு சொல்லக் கூடாதே! விதி இருக்கே!"

கணக்கு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மைசூனுக்குக் கண் பிரிவின் திரைச்சீலை என்ன நிறத்தில் இருக்கும் என்று யோசனை ஓடியது.

"ஐயா," என்றார் உம் நவ்வாஃப், ஃபவ்வாஸைப் பார்த்து. "குடுக்கத் தோதா இருக்கிற வேற ஏதாச்சும் கேக்கச் சொல்லுங்களேன். எங்களுக்கு இருட்டறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்."

ஃபவ்வாஸ் அபூ நவ்வாஃபின் தோளைத் தொட்டு முத்தமிட்டு, நாற்காலிக்கு அழைத்து வந்தார். "காசு வேண்டாம், பொண்ணும் வேண்டாம். வேற என்ன வேணுமோ கேளுங்க ஹாஜி. என்னால ஆனது."

அபூ நவ்வாஃப் மைசூன் பக்கம் விரலை நீட்டினார். "இந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா வாராவாரம் கொம்பு வச்ச ஒரு சனியனோட படத்தக் காட்டி, பேரு சொல்லுன்னு உசுர எடுக்குறா. அதை நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்தியாச்சு!" என்றார் ஃபவ்வாஸ், வந்த நிம்மதியில். "இந்த நிமிசத்தோட நிறுத்தியாச்சு. கேட்டது தந்தோம். குடிங்க."

அபூ நவ்வாஃப் ஒரே மடக்கில் குடித்து, போதும் என்பதற்குக் கிண்ணத்தை ஆட்டிக் காட்டினார். மற்றவர்களும் குடித்தார்கள்.

பிர்கித்தா விடவில்லை, நடந்ததை எல்லாம் சொன்னால்தான் ஆயிற்று என்றார். ஃபவ்வாஸ் சொன்னார். மகள் விஷயத்தை மட்டும் வேகமாகத் தாண்டினார். பிர்கித்தா விண்ணப்பத்தைப் புரட்டினார். "காண்டாமிருகத்தை நிறுத்துவதுதானே இந்தத் திட்டம்? அதைத் தருவதாக நீங்கள் சொல்லிவிட்டீர்களா?"

ஃபவ்வாஸ் நெற்றியைத் துடைத்தார். "நான் தீர்மானம் எதுவும் சொல்லலியே..."

"வாயாலதான் சொன்னீங்க. காபியும் உள்ள போயிடுச்சு" என்றார் உம் நவ்வாஃப்.

"கேட்க வந்தது மறந்துபோச்சு, கேட்கிற முறையில ஒண்ணுகூடத் தப்பல" என்றார் மைசூன். "இதத்தான் பதினேழாம் பக்கத்துல எழுதியிருந்தேன்."

"படிச்சேன், ஒண்ணும் புரியல. இப்போ புரியுது," என்றார் ஃபவ்வாஸ். "அதுக்காக என் பொண்ணத் தர முடியாது."

நேரம் முடிந்தது. திரும்பும் வழியில் காரில் அபூ நவ்வாஃப் தூங்கிவிட்டார்.

டிசம்பர் முதல் வாரம் நிதியத்தின் முடிவு வந்தது. விண்ணப்பதாரர் தரப்புக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் தலைவர் வாக்களிப்பிலிருந்து விலகிக்கொண்டார். மற்ற இருவரும் ஆதரித்தார்கள். மூன்று ஆண்டுக்குக் கேட்ட நிதி இரண்டு ஆண்டுக்குக் கிடைத்தது. கண் பிரிவுக்கு மாடியில் வேறோர் அறை ஒதுக்கப்பட்டது.