உள்பக்கம் திருப்பிய நாடு

"அண்ணி, கரிசல் மண்ணுல என்ன விளையும்?"

"பருத்தி."

"பருத்தி விளைஞ்சா?"

"எனக்கு வேலை வரும். அடுத்ததைக் கேளு, கையில பட்டன் காஜா பாதியில நிக்குது."

நாத்தனார் புவியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணி தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே பதில் சொன்னாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் மாலை நேரம் இப்படித்தான் போயிற்று.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அண்ணி 'பட்டன் டீச்சர்'. ஒன்பது வருடமாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். இந்த வருடத்துக்குள் பள்ளி இறுதிச் சான்றிதழைக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று தலைமையாசிரியை கையை விரித்துவிட்டார். மற்ற பாடமெல்லாம் தேறியாயிற்று. புவியியல் மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. முதல் தடவை முப்பத்தொன்று. இரண்டாம் தடவை முப்பத்துமூன்று. தேற வேண்டியது முப்பத்தைந்து. இரண்டு தடவையும் வரைபடக் கேள்வியில், இருபதுக்கு முட்டை.

மூன்றாம் தடவைக்கு அவள் தன் தொழிலையே துணைக்கு அழைத்தாள். நாட்டின் படத்தை உற்றுப் பார்த்தால், ஒரு சட்டையின் முன்பாகம் மாதிரியே இருந்தது. மேலே கழுத்து, அது மலைக் கணவாய். இரண்டு பக்கமும் கைக்குழி போல வளைகுடாக்கள்; ஒன்று மட்டும் கொஞ்சம் ஆழம். கீழே கடலோரம், மடித்துத் தைத்த விளிம்பு. நடுவில் ஓடும் பெரிய ஆறு, இடுப்புக்குப் பிடித்த டார்ட் மடிப்பு. இப்படி நினைத்ததும் பாடம் பச்சைக் குழந்தையாய்க் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அட்லஸ் படத்துக்கு அடியில் துணி வெட்ட அளவு வரையும் பேட்டர்ன் தாளை விரித்து, மேலே தையல் குறி போடும் முள்ளுச் சக்கரத்தை உருட்டினாள். எல்லை, ஆறு, நிலக்கரி, இரும்புத்தாது எல்லாம் அடித்தாளில் புள்ளி புள்ளியாய்ப் புடைத்தன. தாளைத் திருப்பிப் போட்டு, புடைத்த புள்ளிகளைக் கலர் பென்சிலால் இணைத்தாள். இயந்திரத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினாள். நாத்தனார் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புத்தகத்தையே பார்த்துக் கேள்வி கேட்டாள். அண்ணி தைக்கும்போதெல்லாம் நாட்டைப் பார்த்தாள்.

தேர்வு நாளில் கட்டுரைக் கேள்விகள் வெண்ணெயில் கத்தி போலப் போயின. 'மேற்கு மலை மேகத்தைத் தடுக்கிறது. அதனால் அதன் கிழக்கே மழைமறைவுப் பகுதி, அங்கே வறண்ட பயிர்கள்.' அடிக்கோடு போட்டு முடித்தாள். மீதி இருபத்தைந்து நிமிடம். வரைபடத் தாளை இழுத்துப் பென்சிலை வைத்தாள்.

வைத்த கை நின்றது.

ஆழமான கைக்குழி இடது பக்கம் இருந்தது. அவள் வீட்டுச் சுவரில் அது வலது பக்கம்.

'அச்சடிச்சவன் மாத்தி அடிச்சுட்டானா?' என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு தான் எழுதிய கட்டுரையைப் பார்த்தாள். மேற்கே மலை. வீட்டுச் சுவரில் மலை கிழக்கே நின்றது.

துணியில் என்றைக்கும் உள்பக்கம்தான் குறிப்பார்கள், வெளிப்பக்கம் கறை படக்கூடாது என்று. பழகிய கை தாளையும் திருப்பிப் போட்டிருக்கிறது. மூன்று மாதமாக அவள் மனப்பாடம் செய்தது நாட்டின் உள்பக்கம்!

மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்த்தாள். நிலக்கரி ஆற்றுக்குள் விழுந்தது. இரும்பு கடலுக்குப் போயிற்று. இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

வரைபடத் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் மறுபக்கமாய்ப் பிடித்தாள். மெல்லிய தாள். எல்லைக்கோடு பின்னாலிருந்து தெளிவாகத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த அதே நாடு! கை தானாகச் சட்டைக் கைமடிப்புக்குப் போயிற்று. அங்கே எப்போதும் இரண்டு குண்டூசி செருகியிருக்கும்.

நிலக்கரிக்கு ஒரு குத்து. இரும்புக்கு ஒரு குத்து. பருத்திக்கு...

"என்னம்மா பண்றீங்க?"

மூக்கு நுனியில் கண்ணாடியோடு கண்காணிப்பாளர் நின்றிருந்தார்.

"ஊசி, சார்."

"அது தெரியுது. எதுக்கு ஊசி?"

"நான் டெய்லர், சார். நாட்டைத் தப்பான பக்கத்துல படிச்சுட்டேன். பின்னாலேருந்து குத்தி, முன்னால குறிச்சுக்கறேன்."

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். ஊசியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பின்பக்கம் எழுதினா செல்லாது."

"எழுதலை, சார். ஓட்டைதான்."

அவர் விதிமுறைத் தாளை எடுத்து, உதடு அசைய, மேலிருந்து கீழே படித்தார். பட்டன் டீச்சருக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு யுகமாய் நீண்டது.

"ஊசியைப் பத்தி ஒண்ணும் போடலை," என்றார். "பக்கத்து ஆளைக் குத்தாம எழுதுங்க."

பத்துக் குத்து. தாளைத் திருப்பி, ஓட்டைகளின் மேல் பெயரை எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சுவரிலிருந்து படத்தைப் பிய்த்து, மறுபக்கம் திருப்பி, நாத்தனார் முன்னால் பிடித்தாள். விஷயம் புரிந்ததும் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, மூணு மாசமா நாடே சட்டையை உள்ளே வெளியே மாத்திப் போட்டுக்கிட்டா இருந்துச்சு?"

"சிரிடி, சிரி. திருத்தறவர் ஓட்டையைப் பார்த்து, கரையான் அரிச்ச தாள்னு தூக்கிப் போட்டா அப்புறம் அழணும்."

முடிவு என்னாகுமோ என்ற கவலையில் ஆறு வாரம் அவள் அரைவயிறுதான் சாப்பிட்டாள். முடிவு வந்த அன்று நாத்தனார் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்தே கத்தினாள்.

"அண்ணி! அறுபத்தொண்ணு! வரைபடத்துக்கு மட்டும் பதினெட்டு!"

"மீதி ரெண்டு எங்கே போச்சு?"

"பேராசையைப் பாரு!"

சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் தலைமையாசிரியை அதை வாங்கிப் பார்த்தார். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்திலிருந்த 'தற்காலிகம்' என்ற சொல்லை ஸ்கேல் வைத்து நேராக அடித்தார். "போங்க டீச்சர், மூணாவது பீரியட் உங்களுக்குத்தான்," என்றார்.

வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகத் தைத்த சட்டைப் பட்டன் பட்டியைப் பட்டன் டீச்சர் பேச்சு சுவாரசியத்தில் பக்கம் மாற்றித் தைத்துவிட்டாள். முன் பெஞ்சு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே நூலைப் பிரித்தாள்.