பதினேழாவது வரி

கயல்விழி பிடித்தது பதினேழாவது வரியை. மவுஸை அழுத்தி இழுத்து விட்டாள். மஞ்சள் பூசிக்கொண்டு நின்றதோ இருபதாவது வரி!

மறுபடி இழுத்தாள். இப்போது இருபத்து மூன்று.

கடலூர் முதுநகர் பிரௌசிங் சென்டர். மணி பதினொன்று. சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலைத் தேர்வு பன்னிரண்டுக்கு முடிகிறது. வீடியோ பாடம் ஓடும். அதில் பேசுவதெல்லாம் பக்கத்தில் எழுத்தாக, வரிவரியாக வரும். கடினமான வரியை மவுஸால் பிடித்துக் குறிப்பு எழுத வேண்டும். மொத்தம் இருபது குறிப்பு. எழுதிய எட்டும் தப்பான வரிகளில் ஒட்டிக்கிடந்தன.

காலியிடம் ஒன்றே ஒன்று. போட்டிக்கு மிஞ்சியவர்கள் இரண்டு பேர். மற்றவன், சிதம்பரத்தில் இதேபோல் ஒரு சென்டரில் உட்கார்ந்திருக்கும் அத்தை மகன் எழிலன். அதே பாடம், அதே பக்கம். ஒருவர் குறிப்பு மற்றவருக்கும் தெரியும்.

சந்தேகம் சுருக்கென்று தைத்தது. போனை எடுத்தாள்.

"மச்சான், என் வரிய எதுக்கு நகத்துற?"

"நானா? நீதான்டி காலையிலேர்ந்து என் வரியக் கீழ கீழ இழுத்துகினு இருக்க!"

"பொய் சொல்லாத."

"எங்கம்மா மேல சத்தியம்!"

கயல்விழிக்குத் தலை சுற்றியது. அவனும் இல்லை, தானும் இல்லை என்றால் யார்?

"வைரஸாண்ணே?" என்றாள்.

கடைக்காரர் சாமிக்கண்ணுவுக்கு ரோஷம். "நம்ம கடையிலயா? காலையிலதானம்மா சூடம் ஏத்துனேன்!" மவுஸை மாற்றிக் கொடுத்தார். வரி இருபத்தாறுக்கு ஓடியது.

பதினொன்று இருபதுக்கு நெட் போயிற்று. வீடியோ அப்படியே உறைந்தது. எரிச்சலில் பதினேழாவது வரியை இழுத்தாள்.

பதினேழிலேயே நின்றது!

நெட் மெதுவாக வரும் கடைகளில் எல்லோருக்கும் ஒரு பழக்கம். சத்தத்தைக் குறைத்துவிட்டு வீடியோவை ஓடவிடுவார்கள். நிறுத்தினால் அதுவரை லோடு ஆனதும் போய்விடும் என்று பயம். அவள் செய்ததும் அதுதான். வீடியோ ஓட ஓட, வரிகளும் கூடவே மேலே ஏறின. விரலை எடுப்பதற்குள் அந்த இடத்துக்கு வேறு வரி வந்துவிட்டது.

ஐந்து நிமிடத்தில் நெட் வந்தது. வீடியோவை நிறுத்தினாள். பழைய எட்டையும் சரியான வரிகளுக்கு மாற்றினாள். குறிப்புகள் மளமளவென்று ஏறின. எழிலனுடையவை மட்டும் இன்னும் தப்பான வரிகளிலேயே விழுந்துகொண்டிருந்தன. சொல்லலாமா? சொன்னால் வேலை கைநழுவுமே! கை போனுக்குப் போனது, திரும்பியது.

பதினொன்று ஐம்பதுக்கு மனசு கேட்காமல் போன் செய்தாள்.

"மச்சான், வீடியோவ நிறுத்திட்டுப் புடி. வரி நகராது."

எழிலன் சிரித்தான். "நிறுத்தினா மொதல்லேர்ந்து லோடு ஆவணும். கடைசி பத்து நிமிஷத்துல என்னக் கவுக்கப் பாக்குறியா? போடி!"

போனைத் துண்டித்தான்.

பன்னிரண்டுக்குப் பக்கம் மூடியபோது அவளுடைய இருபதும் சரியான இடத்தில் இருந்தன. அவனுடையதில் ஒன்றுகூட இல்லை.

"என்னம்மா, வேல கெடச்ச மாதிரிதானா?" என்றார் சாமிக்கண்ணு.

"அப்பிடித்தாண்ணே போலருக்கு" என்றாள் கயல்விழி. நெட் வந்த உடனே சொல்லியிருந்தால் நம்பியிருப்பானோ? அப்போதும் சிரித்திருப்பானோ? ஒன்றும் விளங்காமல், அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.