காயம் என்னும் சொல்

2025ஆம் ஆண்டு நவம்பர் 12, புதன்கிழமை. வானம் மூடியிருந்தது, மல்லிப்பட்டினத்தில் விடியற்காலை முதல் தூறல். நானும் என் மனைவி எல்லையம்மாளும் தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் பேருந்தில் புறப்பட்டோம். ஒரத்தநாட்டைக் கடக்கையில் சம்பா வயல்களில் நீர் நிரம்பி நின்றது.

அவளுக்கு லூபஸ். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பணுக்களே அவளது சிறுநீரகங்களைத் தாக்கிவந்தன. அவற்றை அடக்கி ஒழுங்குபடுத்தும் அணுக்களும் குருதியில் உள்ளன. இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு மருத்துவ ஆய்வின் பகுதியாக, அவற்றை அவளிடமிருந்து பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, உறைய வைத்திருந்தனர். அன்று அவற்றை மீண்டும் அவளுக்குச் செலுத்த ஏற்பாடு. ஒரே ஒரு பை. சிறுநீரகங்கள் தப்ப மருத்துவர்கள் கூறிய கடைசி வழி அதுவே. நாற்பத்தெட்டாம் வயதில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய நான், இவற்றைப் பேருந்தில் அவளுக்கு விளக்கினேன்.

“மீன் ஏலக்கூடத்துல சண்டைய விலக்கிவிடுற ஆளு மாதிரியா?” என்றாள்.

“ஏறக்குறைய.”

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பாடம் நடத்தாம இருக்க மாட்டீங்களே.”

மருத்துவமனையில் வினாப்படிவத்தை நிரப்ப உதவ வந்த செவிலியரை நான் வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். ‘அண்மையில் காயம் ஏதேனும்?’ என்னும் வினாவுக்கு ‘இல்லை’ என்று திருத்தமாக எழுதினேன். அப்போது காய்ச்சலும் இல்லை. பிற்பகல் 1 மணி 10 நிமிடத்துக்கு, உறைந்திருந்த பையை உருக்கினர். மூன்று மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும்.

செலுத்துமுன் டாக்டர் ஃபஹ்மிதா மீண்டும் வெப்பநிலை பார்த்தார். நூற்றொன்றரை. பிறகு அவளது வலக்கையைத் திருப்பினார். சுட்டுவிரல் வீங்கிச் சிவந்திருந்தது.

“என்னம்மா இது? காயம் இல்லைன்னு எழுதியிருக்கு?”

“காயம் இல்லீங்க டாக்டர், முள்ளு. ஞாயித்துக்கெழம கெளுத்தி குத்திருச்சு. வலிக்குதேன்னு காலையில ஒரு மாத்திரை போட்டேன்.”

எங்கள் கரையில் கத்தி வெட்டினால்தான் காயம். மீன் குத்தினால் முள். ஞாயிறன்று அந்த விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவன் நான்.

“அந்த மாத்திரைதான் காய்ச்சல மறைச்சிருக்கு. உள்ள கிருமி இருக்கு. இப்ப ஏத்துனா, அதோட உடம்பு போடுற சண்டையையும் இது நிறுத்திடும். உயிருக்கே ஆபத்துங்க.”

“மீண்டும் குருதி எடுத்து வளர்க்கலாமல்லவா?” என்றேன்.

“ஆய்வுக்கு இனிமே ஆள் எடுக்கலைங்க. அடுத்து டயாலிசிஸ்தான் பாக்கணும்.”

எல்லையம்மாள் என் பக்கம் திரும்பினாள். “விலக்கிவிடுற ஆளு வாசல் வரைக்கும் வந்துட்டாருங்க,” என்றாள்.

பை ஒரு தட்டில் இருந்தது. அதன் ஒட்டுத்தாளில் அவளது பெயர், அதன்கீழ்க் காலக்கெடு. எதிரே சுவர்க்கடிகாரம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டிலும் பிற்பகல் 4 மணி 10 நிமிடம்.