மாமியார் சும்மா இருந்த காலை

மருந்து வண்டியின் மேல் பொருத்தியிருந்த திரை பச்சையாகிவிட்டது. பெரிய சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. ஊசியில் இன்சுலின் ஏற்றியாயிற்று. கட்டிலில் அவளுடைய தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருக்கிறான். கூடப் பிறந்தவன், காலில் ஆறாத புண்ணோடு அவள் வார்டிலேயே வந்து சேர்ந்திருக்கிறான். போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அவள் அந்தப் பச்சையையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

திரைக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு வார்டில் மாமியார் என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் காட்டினால், தப்பு நடக்கப் போகிறதா என்று பார்த்துச் சொல்லும்; சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. வந்த புதிதில் தொட்டதற்கெல்லாம் குற்றம் கண்டுபிடித்தது. அதிலும் இன்சுலின் என்றால் கேட்கவே வேண்டாம். சாப்பாட்டு வண்டி வருவதற்குச் சற்று முன்னால் ஊசியைப் போட்டு முடித்துவிடுவது இந்த வார்டின் வழக்கம். தட்டு வந்து சேராத கட்டிலுக்கெல்லாம் மாமியார் சிவந்துபோய், ‘நோயாளி இன்னும் சாப்பிடவில்லை’ என்று கத்தும். ‘தெரியும்’ என்ற பொத்தானை அழுத்தினால் அடங்கும். நடையில் தட்டுகளின் சத்தம் கேட்கிறதே, இதென்ன தொல்லை என்று எல்லோரும் அழுத்தினார்கள். பெரிய சிஸ்டரும் அழுத்தினாள். போகப்போக என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாளாக மாமியார் வாயைத் திறப்பதில்லை. மருமகள்கள் திருந்திவிட்டோம் என்று ஓய்வறையில் ஒரே சிரிப்பு. தவறே நடக்காத வார்டு என்று நிர்வாகத்தில் பாராட்டு வேறு. பெரிய சிஸ்டரால் மட்டும் அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. அடுத்த அறையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையின் சத்தம் சட்டென்று நின்றுபோனால் தாய் கைவேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாளே, அப்படி இருந்தது அவளுக்கு.

சின்ன சிஸ்டரைக் கூப்பிட்டாள். இன்சுலினை ஒருத்தி அளவு சொல்ல, இன்னொருத்தி ஊசியைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் போட வேண்டும். மாமியார் வருவதற்கு முன்பிருந்தே அதுதான் முறை.

“அளவு பாரும்மா,” என்று ஊசியை உயர்த்திக் காட்டினாள். என்ன தோன்றியதோ, வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாள். “முப்பது.”

ஊசியில் இருந்தது பன்னிரண்டு. சின்ன சிஸ்டர் ஊசியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள்.

“சரிங்க சிஸ்டர்,” என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிப் பக்கம் போய்விட்டாள்.

தம்பிதான் பதறினான். “முப்பதா? நேத்து பன்னெண்டுதானேக்கா போட்டே? என்மேல ஏதாவது கோவமா இருந்தா வாயால சொல்லிடேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வருவதற்குள் அவனே தொடர்ந்தான். “அதுவும் வெறும் வயித்துல. எனக்கும் எதிர் கட்டில் வாத்தியாருக்கும் இன்னைக்குப் பட்டினி. ஏதோ ஸ்கேனாம். மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டார்.”

பெரிய சிஸ்டர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பட்டினி என்று பதிவாகியிருந்தது. பட்டினி போட்ட டாக்டர் ஊசியை நிறுத்தச் சொல்ல மறந்திருந்தார். இப்படி மறப்பதைப் பிடிக்கத்தானே மாமியாரைக் கொண்டுவந்து வைத்தது? சாப்பிடாதவன் உடம்பில் இது ஏறினால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கிவிடும். உடம்பு வியர்த்துக் கொட்டும், பார்க்கிறவர்களுக்குத் தூங்குவதுபோல் இருக்கும், ஆள் கைநழுவிப் போய்விடுவான்.

அவள் ‘ஏன்’ என்ற பொத்தானை அழுத்தினாள். இதுவரை யாரும் அதைத் தொட்டதாக அவளுக்கு நினைவில்லை. ‘உணவு பற்றிய எச்சரிக்கை இந்த வார்டில் ஒவ்வொரு முறையும் ‘தெரியும்’ என்று புறந்தள்ளப்பட்டது. பணியாளர் விருப்பப்படி இப்போது காட்டப்படுவதில்லை’ என்று மிகவும் பணிவாகப் பதில் வந்தது.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் புரியவில்லை. ஊசியை மூடித் தட்டில் வைத்தாள்.

“என்னக்கா, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டே?”

“ஒண்ணுமில்லடா. நீ கையை இறக்கு,” என்றவள், அடுத்த நொடியே திரும்பிச் சத்தமாகக் கேட்டாள். “எதிர் வரிசை ஆரம்பிச்சிட்டியாம்மா?”

“எல்லாருக்கும் ஊசி போட்டு முடிச்சே ரொம்ப நேரமாச்சு சிஸ்டர்,” என்றாள் சின்ன சிஸ்டர், பாராட்டை எதிர்பார்க்கிற குரலில். “எல்லாமே பச்சை.”

சாப்பாட்டு வண்டி உள்ளே வந்திருந்தது. எதிர் வரிசையில் ஒவ்வொரு தட்டாகத் திறந்தார்கள், ஆவி பறந்தது, கரண்டிகள் பேச ஆரம்பித்தன. வாத்தியாரின் கட்டிலருகே மட்டும் வண்டி நிற்காமல் போயிற்று. அவர் சுவர்ப் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

“சார்,” என்றாள் பெரிய சிஸ்டர். கால்கள் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தன. “குளுக்கோஸ் எடும்மா, ஓடு! சார்... வாத்தியார் சார்!”

அவர் திரும்பவில்லை. வார்டில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, அவருடைய சட்டைக் காலர் தண்ணீரில் தோய்த்து எடுத்ததுபோல் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது.