நாக்குக்கு அடியில்

சிகிச்சை அட்டையில் பெயர் எழுதும் இடத்தில் மொனேராவின் பேனா நின்றுவிட்டது. எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையை நெஞ்சில் வைத்து இருமலை அடக்கிக்கொண்டு முதலில் "காமித்" என்று மட்டும் சொன்னார். குடும்பப் பெயரைக் கேட்டதும் சற்று நேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டிமாலப்" என்றார்.

வெளியே ஆம்புலன்ஸைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது.

"எழுதுங்க சிஸ்டர். எழுதலேன்னா மாத்திரை குடுக்க மாட்டாங்கல்ல?"

அவள் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரை ஒட்டிய சதுப்பேரியைச் சுற்றி அவளைத் தெரியாதவர்கள் இல்லை. டிமாலப் குடும்பத்துக்கும் அவள் கணவன் வீட்டாருக்கும் ஒரு வயல் வரப்பில் தொடங்கிய பகையில் இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு பேர் போயிருந்தார்கள். அவள் கணவன் எஸ்மாயில் நான்காவது ஆள். நான்கு வருடங்களுக்கு முன் கரையோரச் சாலையில், மோட்டார் சைக்கிளில் காலை உணவு வாங்கி வரும்போது சுட்டார்கள். சுட்டவர்கள் ஓடத்தில் ஏறி ஆகாயத்தாமரைக்குள் மறைந்துவிட்டார்கள். அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, வாழையிலையில் கட்டிய இரண்டு பஸ்தில் சோற்றுப் பொட்டலங்களும் அவன் சட்டைக்குள் இன்னும் சூடாக இருந்தன.

அவள் பெயரை எழுதினாள். டி, மா, ல, ப். எழுத்து கோணலாக வந்தது.

அன்று மத்தியானம் டாக்டர் ஓலிவா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இலோயிலோ நகரத்திலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து ஆறு வருடமாகியும் போகாத பெண். "வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லட்டுமா மொனேரா?" என்று கேட்டார். வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். போன வருடம் சண்டையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தபோது காசநோய்ப் பிரிவில் இருந்த மற்ற இருவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "நானே பாத்துக்கறேன் டாக்டர்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அன்று வீடு போகும்வரை யோசித்தாள். அந்தக் குடும்பத்து ஆள் ஒருவன் தன் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைத் தினம் பார்க்க வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ. அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் அது இருந்தது.

காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. கையில் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் இருமல் நின்றதும் விட்டுவிடுவார்கள் என்பதால், தினமும் ஊழியரின் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்பது விதி. விழுங்கியபின் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் அட்டையில் அன்றைய கட்டத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். "நான் பாக்காம முழுங்கினா கணக்குல வராது" என்று எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

காமித் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு, சந்தை கூடுவதற்கு முன் வந்துவிடுவார். வாசலில் காவலாளியின் மர அலமாரியில் துப்பாக்கியை வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே வர முடியும். அவரிடம் வைக்க ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் பின்னால், காற்றோட்டத்துக்காகச் சுவரைப் பாதியோடு நிறுத்திய அறையில் இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். மூன்று மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர். அவர் வாய்க்குள் கீழ்வரிசையில் இரண்டு பற்கள் உடைந்திருந்தன. ஒரு மனிதனின் நாக்குக்கு அடியில் இத்தனை நாள் தொடர்ந்து பார்த்தால் அவனை வெறுப்பதற்குத் தனியாக முயற்சி வேண்டியிருக்கிறது என்பதை அவள் மூன்றாவது வாரத்தில் கண்டுகொண்டாள். பேச்சு ஒன்றும் இருக்கவில்லை.

முதலில் பேசியது அவர்தான். ஒரு நாள் மாத்திரையை வாங்காமலே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். இந்த மாத்திரைக்கு மூத்திரம் சிவப்பாப் போகும்னு முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே."

"நீங்க சொன்னப்ப நான் உங்க பேனாவப் பாத்துட்டிருந்தேன். காதுல விழல. ரத்தம்தான் போகுது, ராத்திரியே செத்துடுவோம்னு ரெண்டு வாரமா தினம் கலிமா சொல்லிட்டுத் தூங்கப் போறேன். காலைல கண்ணு முழிச்சா ஒரே வெக்கமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் தோள் குலுங்கியதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வார்த்தைகள் வந்தன. இருமல் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன்மார் சதுப்பின் நடுவே மீன்பிடிக் குடிசையில் அவரைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அரிசியைக் கரையில் வைத்துவிட்டு, அவர் வந்து எடுப்பதற்குள் போய்விடுவார்கள். "எங்கிட்டப் பேசறது விரால் மீன் மட்டுந்தான். அதுவும் தூண்டில்ல மாட்டினப்புறம்" என்றார். மொனேரா தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரே மகள் தோஹாவில் வீட்டுவேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது என்பதையோ, காசநோய்ப் பிரிவில் வேலை என்பதால் மாமியார் வீட்டில் அவளுக்கென்று தனித் தம்ளர் ஒன்றைச் சன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள் என்பதையோ, யாரும் கேட்டதில்லை. அவர் மட்டும் தினமும் எழுந்து போகும்போது, "சாப்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போவார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் எஸ்மாயிலின் தம்பி பத்ருதீன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவள் வாடகை அறைக்கு வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மகளைப் பற்றி விசாரித்தான். மழையைப் பற்றிப் பேசினான்.

"அண்ணி, அந்த காமித் உங்ககிட்டதான் மாத்திரைக்கு வர்றானாமே."

அவள் வாழைப்பழத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குள்ள ஒண்ணும் நடக்காது. அது எங்களுக்கும் தெரியும். எத்தன மணிக்கு வர்றான், எந்தத் துறையில எறங்கறான், அதச் சொல்லுங்க போதும். மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"வர்றதில்ல" என்றாள் மொனேரா. சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. "பாதியில விட்டுட்டான். நுரையீரல் ரெண்டும் போயிடுச்சு. இன்னும் ஒரு மாசம் தாங்கினா பெரிசு."

பத்ருதீன் அவளை வெகுநேரம் பார்த்தான். "அல்லாவே பாத்துக்கிட்டான்" என்று சொல்லி எழுந்தான்.

மறுநாள் காலை காமித் மாத்திரையை விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டியதும், "நாளையிலேருந்து இங்க வராதீங்க" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மாத்திரைக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்டார்.

"நான் கொண்டு வர்றேன்."

டாக்டர் ஓலிவாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் எதுவும் கேட்காமல் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதற்கான அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மீன் வாங்கச் சதுப்புக்குள் போகும் சைமாவின் இயந்திர ஓடத்தில் மொனேரா தினமும் ஏறிக்கொண்டாள். கரை மறைந்ததும் ஆகாயத்தாமரையும் வானமும் மட்டும்தான். முக்கால் மணி நேரத்தில் நான்கு மூங்கில் கால்களில் நிற்கும் குடிசை தெரியும். அவர் முகம் கழுவி, தலைவாரி, இடுப்பில் மலோங் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படிப்பலகையில் உட்கார்ந்திருப்பார். அவளுக்காகக் காப்பி போட்டிருப்பார். முதல் இரண்டு வாரம் அவள் அதைத் தொடவில்லை.

நான்காம் மாதத்தில் ஒரு நாள், கேட்டே ஆகவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, காப்பியை வாங்கிய பிறகு கேட்டுவிட்டாள்.

"எஸ்மாயிலச் சுட்டது யாரு?"

மாத்திரைகள் அவர் உள்ளங்கையில் இருந்தன. அவர் அவற்றையே பார்த்தார்.

"சுட்டவன் அடுத்த வருஷமே போயிட்டான். உங்க ஆளுங்கதான் முடிச்சாங்க." பிறகு, "ஓடம் ஓட்டினது நான்" என்றார்.

அவள் காப்பித் தம்ளரைப் பலகையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். சைமாவை ஓடத்தைத் திருப்பச் சொன்னாள். அவர் விழுங்கினாரா என்று பார்க்கவில்லை. அட்டையில் அன்றைய கட்டம் வெறுமையாக இருந்தது. அடுத்த நாள் துறைக்கே போகவில்லை. அறையைப் பெருக்கினாள், மற்ற நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்தாள், சளி டப்பாக்களில் பெயர் ஒட்டினாள். சாயங்காலம் மகளை அழைத்தாள். மகள் வேலையில் இருந்தாள், எடுக்கவில்லை. யாரிடம் சொல்வது? மாமியார் வீட்டில் சொல்ல முடியாது. டாக்டரிடம் சொன்னால் ஆறுதல் சொல்வார். இதைக் கேட்டு அப்படியே வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் அந்தக் குடிசையில் இருப்பவர்தான் என்று உணர்ந்தபோது, அவளுக்கு எஸ்மாயில் இறந்த அன்று வந்ததைவிடப் பெரிய அழுகை வந்தது.

மூன்றாம் நாள் போனாள். காமித் அதே பலகையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சிரட்டையில் அன்றைக்கு அவள் கொடுத்த மாத்திரைகள் அப்படியே கிடந்தன.

"ஏன் முழுங்கல?"

"நீங்க பாக்காம முழுங்கினா கணக்குல வராதுன்னீங்களே."

"அதுக்காக? செத்துப்போவீங்க."

"உங்களுக்கு அதுதான் சரின்னு பட்டா, நானா முழுங்கறது முறையில்லன்னு தோணுச்சு."

அவளுக்குக் கோபம் வந்தது. அந்தப் பாரத்தையும் தன் மடியிலேயே கொண்டுவந்து போடுகிறாரே என்று நினைத்தாள். "வாயத் திறங்க" என்றாள் அதட்டலாக. புதிய மாத்திரைகளைத் தானே எடுத்து அவர் கையில் போட்டாள். விழுங்கினார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து, வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள். அவர் கண்கள் மூடியிருந்தன.

அதைப் பற்றி அப்புறம் அவர்கள் பேசவில்லை. காப்பியை மட்டும் அவள் மறுபடி குடிக்கத் தொடங்க ஒரு வாரமாயிற்று.

நோன்புப் பெருநாளன்று பத்ருதீன் அவள் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. "செத்தவன் ஓடம் தள்றதா சந்தையில பேசிக்கறாங்க அண்ணி" என்றான். இரண்டு குடும்பத்தையும் பெரியவர்கள் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்த மாதம் அது. பேச்சு முடியும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று ஏற்பாடாகியிருந்தது. "அதனால அவன் பிழைச்சான். நீங்க சொன்ன பொய்யால இல்ல" என்றான். சற்று நின்று, "அண்ணன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று நிஜமாகவே தெரியாதவன் போலக் கேட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு மாமியார் வீட்டிலிருந்து அவளுக்கு அழைப்பு வரவில்லை. அந்தத் தனித் தம்ளர் இப்போது என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் யோசித்தாள்.

ஆறு மாத மாத்திரை முடிந்து இரண்டு வாரம் கழித்துச் சளிப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. டாக்டர் ஓலிவா அட்டையின் குறுக்கே 'குணமடைந்தார்' என்று முத்திரை குத்தி, "உன்னோட அட்டை இது" என்று அவள் தோளைத் தட்டினார். மொனேரா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஓடம் ஏறினாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனாள்.

குடிசையை நெருங்கும்போதே கொடியில் சின்னச் சட்டைகள் காய்வது தெரிந்தது. ஓர் இளம் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிப்பலகையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"யாருங்க இது?" என்று அந்தப் பெண் உள்ளே திரும்பிக் கேட்டாள்.

காமித் வெளியே வந்தார். சதை பிடித்திருந்தார். மொனேராவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். மனைவியையும் பார்த்தார். பெயரைச் சொன்னால் குடும்பத்தைச் சொல்ல வேண்டும்.

"ஆஸ்பத்திரி ஆளு" என்றார்.

மொனேரா ஓடத்திலிருந்து இறங்காமலே உறையை நீட்டினாள். "கிருமி இல்ல. முழுசா குணமாயிடுச்சு." அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "இனி எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிடலாம். பயப்பட ஒண்ணுமில்ல."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. குழந்தையைக் கீழே விட்டாள். குழந்தை தவழ்ந்துபோய் காமித்தின் காலைப் பிடித்துக்கொண்டது. "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

"நேரமாச்சு."

காமித் ஏதோ சொல்ல வந்தார். குழந்தை மலோங்கைப் பிடித்து இழுத்தது. குனிந்து அதைத் தூக்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் இயந்திரம் இருமி நின்றது. ஆகாயத்தாமரை வேர் விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. சைமா திட்டிக்கொண்டே இயந்திரத்தைச் சாய்த்து விசிறியைத் தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கினாள். மொனேரா பின்னால் நகர்ந்து, சட்டைக் கையை மேலே தள்ளி, கறுத்த வேர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தண்ணீரில் போட ஆரம்பித்தாள். சுற்றிலும் சத்தமே இல்லை.

"போதும் அக்கா, விடுங்க. கெளம்பிடலாம்" என்றாள் சைமா.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள் மொனேரா. விசிறியில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் கை முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தது. மேலே வெயில் சுட்டது. கீழே தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. பிய்த்துப் போட்ட வேர்கள் ஓடத்தை விட்டு விலகாமல் பக்கத்திலேயே மிதந்தன.