பெட்டியில் ஒரு காலி இடம்

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வராது. மேற்கு கான்சஸில் பிறந்தவர்களுக்கு அது பழகிப்போகும் என்பார்கள். சுத்தப் பொய். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இன்றுவரை அதோடு சண்டைதான். ஒவ்வொரு புதன்கிழமையும் பல்கலைக்கழக நூலகத்தின் முன்னால் எங்கள் மடக்கு மேஜையை விரித்ததும் துணி பறக்கும், துண்டுப் பிரசுரங்கள் பறக்கும், "வயிற்றில் இருப்பதும் பிள்ளைதான்" என்று நான் கை வலிக்க எழுதிய பலகை குப்புற விழும். என்னோடு நிற்கும் வெண்டல் தன் அப்பாவின் பண்ணையிலிருந்து கொண்டுவந்த கற்களை மூலைக்கு ஒன்றாக வைப்பான். அவன் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கருக்கலைப்புக்கு எதிரான எங்கள் மாணவர் குழு ஒரு காலத்தில் ஒரு வகுப்பறையை நிறைத்ததாம். நான் சேர்ந்தபோது ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒருத்திக்குக் காதலன் வந்தான், அவனுக்கு இது பிடிக்கவில்லை. ஒருவனுக்குத் தேர்வு. இன்னொருத்தி முகத்தில் எவனோ குளிர்பானத்தை ஊற்றிவிட்டுப் போனான், அதற்கப்புறம் அவள் வரவில்லை. அவளை நான் குறை சொல்லமாட்டேன். கடைசியில் மிஞ்சியது நானும் வெண்டல் டிரைலிங்கும்தான். நான் பேசுவேன், அவன் கோட்டுப் பைக்குள் ஜெபமாலையை உருட்டுவான். பக்கத்தில் அவன் அம்மா கொடுத்துவிட்ட பீரோக் டப்பா இருக்கும். மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்த அந்தச் சூடான பன்னை, எங்களைத் திட்ட வருகிறவர்களுக்கும் எடுத்து நீட்டுவான். வாங்கித் தின்றுவிட்டுத் திட்டினவர்களும் உண்டு.

அந்த நவம்பர் புதன்கிழமை நான் முடிவோடு வந்திருந்தேன்.

"இன்னைக்கு ஒரே ஒரு ஆளாவது நம்ம பேச்சைக் கேட்டு மனசு மாறணும்," என்றேன் வெண்டலிடம். "இல்லன்னா அடுத்த வாரத்துலேருந்து நீ தனியாதான் நிக்கணும். என்னால முடியல."

"கடவுளுக்கே கெடு வைக்கிறியா, கொரின்?"

"ஆமா. ரெண்டு வருஷமா அவர் எனக்கு என்ன பண்ணார்?"

"என்னைக் குடுத்தாரே."

"அதுதான் சொல்றேன்."

அவன் சிரித்துவிட்டு இன்னொரு கல்லை எடுத்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராத்திரி படுக்கையில் ஜெபம் சொல்ல வாயைத் திறந்தால், கூரையிடம் பேசுவதுபோல் இருக்க ஆரம்பித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஒருத்தர் மாறினால் போதும், எல்லாம் பொய்யில்லை என்று நம்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மேஜையில் இரண்டு சாமான்கள் முக்கியம். ஒன்று தகர டப்பா. அதில் பன்னிரண்டு வார வயதுள்ள சிசுவின் ரப்பர் உருவங்கள் நிறையக் கிடக்கும், கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்க. இன்னொன்று மூடி வைத்த பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டில் குழி குழியாக வெட்டி, எட்டு வாரம், பத்து வாரம், பன்னிரண்டு, பதினாறு, இருபது என்று ஒவ்வொரு வயதுக்கும் ஓர் உருவம், அந்தந்த வயதின் சரியான அளவில். எங்கள் தேவாலயத்துப் பெண்கள் பேரிக்காய் கேக் சுட்டு விற்று வாங்கிக் கொடுத்தது. அதை யாருக்கும் கொடுக்கமாட்டோம், காட்ட மட்டும்தான்.

எங்கள் பயிற்சியில் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்தவரிடம் வாதத்தை ஆரம்பிக்காதே, முதலில் அந்தச் சின்ன உருவத்தை உள்ளங்கையில் வை, பிறகு பேசு. எனக்கு அது கையோடு ஊறிப்போயிருந்தது. யார் கை எட்டுகிற தூரத்தில் வந்தாலும் என் கை தானாகத் தகர டப்பாவுக்குள் போகும்.

பதினொரு மணி இருக்கும். நேராக எங்களை நோக்கி வந்தது இங்க்ரிட் லிண்ட்.

இந்தப் பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புள்ளியியல் துறையில் பாடம் எடுக்கிறவர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். போன வருடம் மாணவர் மன்றத்தில் ஒரு விவாதம் வைத்தார்கள், எங்கள் பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவர். நான் கரைத்துக் குடித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் கடைசியில் எழுந்து, "வெட்டிப் போடற நகத்துக்காக யாராவது அழுவாங்களா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அப்புறம் எத்தனையோ ராத்திரி என் காதில் கேட்டது. அதற்குப் பதிலாக நான் சொல்லியிருக்க வேண்டியவற்றைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"வந்துட்டாங்கடா," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வரட்டுமே. பன் சூடாதான் இருக்கு," என்றான் வெண்டல்.

அவர் மேஜையருகில் வந்து நின்றார். தொப்பி இல்லை, கையுறை இல்லை. அந்தக் குளிரில் கையை நீட்டி, பிரசுரம் எதையோ எடுக்கப் போனார். என் கை சும்மா இருக்குமா? பன்னிரண்டு வார உருவத்தை அந்த உள்ளங்கையில் வைத்துவிட்டேன்.

"இந்த வயசுல, மேடம், விரல் நகம்கூட..." என்று ஆரம்பித்தேன்.

அவர் அதைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, "இது பெருசு," என்றார்.

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. "பெருசு எல்லாம் கிடையாது. அச்சு அசல் அளவு. எந்த மருத்துவப் புத்தகத்துல வேணும்னாலும் பாருங்க. நாங்க ஒண்ணும் ஊதிப் பெருசாக்கிக் காட்டல."

"அது இல்ல." குரல் தணிந்திருந்தது. "என்னோடது இவ்வளவு பெருசா ஆகல."

காற்று பலகையைத் தள்ளியது. வெண்டல் எழுந்து அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"போன வியாழக்கிழமை," என்றார் இங்க்ரிட். "ஆறு வருஷமா ஆசைப்பட்டது. தானா போயிருச்சு. எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. இது சகஜம், இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கல, அடுத்தது வரும், மறந்துடுன்னு. தப்பா சொல்லல, அன்பாதான் சொல்றாங்க. அவங்க வாயில வர்றதெல்லாம் நான் மேடையில பேசினதுதான்."

நான் தகர டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"வீட்ல வைக்கறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல. ஒரு படம் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தக் காலேஜ் முழுக்க இதை வச்சிருக்கறது நீங்க மட்டும்தான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தாலும் அந்தப் பழைய திமிர் போகவில்லை. "ஒண்ணு சொல்லிடறேன். நான் உங்க பக்கம் வரல. அடுத்த தேர்தல்லயும் போன தடவை மாதிரிதான் ஓட்டுப் போடுவேன். அதனால அந்த நினைப்பு வேண்டாம்."

அப்போதுதான் அந்த வாக்கியம் என் நாக்கு நுனிக்கு வந்தது. ஒரு வருடம் தேடியும் கிடைக்காத பதில், தானே வந்து நிற்கிறது: "அப்ப நகத்துக்காகவா அழறீங்க, மேடம்?" சொன்னால் முடிந்தது. பதில் பேச இங்க்ரிட் லிண்டுக்கு வழியே இல்லை. எவ்வளவு ருசியாக இருந்திருக்கும் என்று இப்போதும் எனக்குத் தெரியும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவருக்கும் தெரிந்திருந்தது. "சொல்லு," என்றார். "உன் மூஞ்சியிலேயே நிக்குது. உன் இடத்துல நான் இருந்தா சொல்லியிருப்பேன்."

நான் அவர் கையைப் பார்த்தேன். ரப்பர் உருவத்தை உள்ளங்கையில் குப்புறப் போட்டிருந்தார். கட்டைவிரல் அதன் முதுகை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூங்கவைக்கிற தட்டல். தட்டுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டு வருடம் இதே இடத்தில் நின்று, வயிற்றில் இருப்பதும் பிள்ளைதான் என்று கத்தியிருக்கிறேன். அந்த நிமிடம்வரை நான் அதை ஒரு வாதமாகத்தான் வைத்திருந்தேன். இங்கே ஒரு பிள்ளை செத்துப்போயிருந்தது. சாவு வீட்டில் போய் நின்றுகொண்டு யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பேனா நான்? வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

"எத்தனை வாரம்?" என்றேன்.

"பத்து."

பெட்டியைத் திறந்தேன். பத்து வாரக் குழியிலிருந்து அந்த உருவத்தை எடுத்தேன். ஒரு ஸ்ட்ராபெரி அளவுதான் இருக்கும். பெரியதை வாங்கிக்கொண்டு அதை அவர் கையில் வைத்தேன். இந்தத் தடவை எந்த வசனமும் சொல்லவில்லை.

இங்க்ரிட்டிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை என்று சொல்ல முடியாத ஒன்று. வெண்டல் பலகையைத் தரையிலேயே படுக்கவைத்துவிட்டு வந்து, தன் மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தான். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"துவைச்சதுதான்," என்றான். "அதுல சுத்தி வச்சுக்குங்க. திருப்பித் தர வேண்டாம்."

"பேர் வச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"லினியா," என்றார். "யார்கிட்டயும் சொல்லல. பொண்ணுன்னு எனக்கே ஒரு நினைப்பு."

"லினியா," என்று வெண்டல் தனக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டான். மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான், ஒரு பன்னை நீட்டினான். இங்க்ரிட் மறுக்கவில்லை. ஒரு கையில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு முழுதாகத் தின்று முடித்தார். நாள் கணக்கில் சாப்பிட்டிருக்கமாட்டார் போலிருந்தது. எழுந்தபோது என் தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போய்விட்டார். நூலகத்து மூலை திரும்புகிறவரை கை கோட்டின் உள்பையிலேயே இருந்தது.

மேஜையை மடக்கும்போது வெண்டல் கேட்டான், "கெடு முடிஞ்சிருச்சே, என்ன முடிவு? ஒருத்தரும் மாறலயே."

"ஆமா, மாறல."

"அப்ப அடுத்த புதன்கிழமை மேஜையோட அந்த முனையை யாரு தூக்கறது?"

"வாயை மூடிட்டுத் தூக்கு," என்றேன். என் பக்கத்து முனையை நானே தூக்கிக்கொண்டேன். அன்று ராத்திரி ஜெபத்தில் நான் எதையும் கேட்கவில்லை. அந்தப் பெயரை மட்டும் சொன்னேன். கூரையிடம் பேசுவதுபோல் இல்லை.

அடுத்த புதன்கிழமையும் அதே காற்று, அதே கற்கள். பெட்டியைத் திறந்தே வைத்திருந்தேன். கால்பந்து அணியின் மேலங்கி போட்ட ஒருவன் இரண்டு நண்பர்களோடு வந்து குனிந்து பார்த்தான்.

"எட்டு இருக்கு, பன்னெண்டு இருக்கு. நடுவுல பத்தைக் காணோமே," என்றான். "என்ன, அதைக் கலைச்சிட்டீங்களா?"

நண்பர்கள் சிரித்தார்கள். போன வாரம்வரை இருந்த கொரினாக இருந்தால் அவன் காது கிழிந்திருக்கும். வெண்டல்கூட என்னைக் கொஞ்சம் பயந்துதான் பார்த்தான்.

"இல்ல," என்றேன். "அவ அம்மா வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."